மரத்தூள் தின்ற புளிச்சக்கீரை

மண்ணில் இருபத்தைந்து பங்கு கரிமம் இருந்தால், தழைச்சத்து ஒரு பங்காவது இருக்க வேண்டும். எந்தச் சங்கமும் தீர்மானம் போட்டு நிறைவேற்றிய விதி அல்ல இது. அதனாலோ என்னவோ, மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் இதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கின்றன.

கிறிஸ்துமஸ் குடிலுக்குத் தரையாகப் பரப்பிய மரத்தூள் ஒரு மூட்டை இருந்தது. குடிலைப் பிரித்ததும் என் மனைவி அதை அடுக்ககத்தின் பின்புறம் தான் வளர்க்கும் புளிச்சக்கீரைப் பாத்தியில் கொட்டினாள். மேலாகத் தூவியிருந்தால் பெரிய தொல்லை இல்லை. கொத்தி நன்றாக உள்ளே கலந்துவிட்டாள். மரத்தூளில் கரிமம் ஏராளம், தழைச்சத்து பெயருக்குத்தான். திடீர் விருந்தைக் கண்ட நுண்ணுயிர்கள் பெருகின. உடம்பை வளர்த்துக்கொள்ள, மண்ணில் கிடந்த தழைச்சத்தை எல்லாம் எடுத்துக்கொண்டன. கீரை அடி இலையிலிருந்து மஞ்சளாயிற்று.

அடுக்ககச் சங்கச் செயலாளர் உடனே வந்தார். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழர். பேச்சில் ஊர் உருது கலந்து வரும்: 'கைக்கு' என்றால் எதற்கு, 'ஹவ்' என்றால் ஆமாம். அந்த இடத்தில் ஸ்கூட்டர் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"மண்ணு செத்துப்போச்சு அங்கிள். கைக்கு இவ்ளோ கஷ்டம்? சிமெண்ட் போட்டுடலாம்."

"சாகலை தம்பி. உள்ளே இருக்கிறவங்க சாப்பிட்டுட்டு இருக்காங்க. முடிச்சதும் மிச்சத்தைச் செடிக்கு விடுவாங்க."

"யாரு அவங்க?"

"நுண்ணுயிர்."

"ஹவ் அங்கிள், மெயின்டனன்ஸ் கட்றாங்களா?"

கடைசியில் ஒரு சலுகை தந்தார். மண் உயிரோடுதான் இருக்கிறது என்று எழுத்தில் வாங்கி வந்தால் பாத்தி பிழைக்கும். கெடு, முதல் மழை வரை.

எழுத்தில் வாங்குவது, அரசு அலுவலகத்தில் என் பழைய தொழில். முறைப்படி குழி வெட்டி, மண்ணை நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டி, மண் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை. நானே இப்படிப் பலரைக் காக்க வைத்துச் சம்பளம் வாங்கியவன் என்பதால் கோபம் வரவில்லை.

"உங்க பேப்பர் வர்றதுக்குள்ள இங்க வண்டி நிக்கும்," என்றாள் மனைவி. "ஏதாவது உரம் போடுங்களேன்."

"மாதிரி போயிருக்கு. விசாரணை நடக்கும்போது மண்ணைத் தொடக் கூடாது."

"யாரு விசாரிக்கிறாங்க, சொல்லுங்க பாப்போம்?"

அவள் அனுமதி கேட்கவில்லை. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினாள். சில நாள் கழித்து மறுபடியும் ஊற்றினாள். அதில் தழைச்சத்து தாராளம். நுண்ணுயிர்களின் தேவை தீர்ந்தது, மிச்சம் வேருக்கு வந்தது.

முதல் மழைக்கு மறுநாள் செயலாளர் கொத்தனாரோடு வந்தார். முழங்கால் உயரத்துக்குச் சிவந்த தண்டும் பச்சை இலையுமாக நின்றது கீரை. கொத்தனார் நீட்டிய டேப்பை அப்படியே சுருட்டினார். மனைவி ஒரு கட்டு அறுத்துச் செயலாளர் கையில் கொடுத்தாள்.

"பச்சடியா ஆன்ட்டி, மட்டன்ல போடறதா?"

"மட்டன்லயே போடச் சொல்லு. சிமெண்ட்?"

"நக்கோ ஆன்ட்டி. வண்டிங்க முன்னாடியே நிக்கட்டும்."

மண்ணில் தழைச்சத்து மிகக் குறைவு, பயிர் தேறுவது கடினம் என்ற பரிசோதனைக் கூடத்தின் பதில், மழைக்காலத்து அம்மன் திருவிழாவான செகந்திராபாத் போனாலுவும் முடிந்த செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது.