முன்மண்டபத்தை இடித்தால் எங்கே நிற்பது?

போன வாரம் சித்தூர் போயிருந்தேன். தங்கையின் பேத்திக்கு ராத்திரியெல்லாம் அழுகை. டாக்டர் பார்த்தாயிற்று, மருந்தும் கொடுத்தாயிற்று. இருந்தாலும் பள்ளிவாசலில் ஓதி ஊதினால்தான் தங்கைக்கு மனசு ஆறும். துணைக்கு நானும் கிளம்பினேன்.

அந்தப் பழைய பள்ளிவாசலைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்மண்டபம் அப்படியே கோயில் மண்டபம்தான் — கருங்கல் தூண்கள், தாழ்ந்த கூரை. உள்ளே போனால் சுண்ணாம்பு வளைவுகள். கட்டியது யார்? நவாபின் ஆள் என்பார் ஒருவர், தோல் வியாபாரி என்பார் இன்னொருவர். தூண் செதுக்கியவர்கள் நம்ம ஊர்க் கல்தச்சர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேலை கொடுத்தவர் யாரைக் கும்பிட்டால் உளிக்கு என்ன?

நிர்வாகி கவுஸ் என்னோடு படித்தவன். பார்த்ததும் போனை நீட்டினான். திருப்பதி இன்ஜினியர் போட்ட பிளான். பளபளவென்று புதுக் கட்டடம்... முன்மண்டபம் இருந்த இடத்தில் கார் பார்க்கிங்! சீக்கிரமே இடிக்கப்போகிறார்களாம்.

“இந்த மாதிரி தூணை இனிமே யாருடா செய்வாங்க?” என்று ஆரம்பித்து, வரலாறு, பாரம்பரியம் என்று பொரிந்து தள்ளினேன்.

“நீ சரித்திரம் பேசிக்கினு இரு. மழ வந்தா ஒழுகுது. வயசானவங்க ஈரத்துல நின்னு தொழறாங்க. அதுக்கு என்னா சொல்ற?” என்றான் கவுஸ்.

அவன் கேட்டதும் நியாயம்தான்.

மாலைத் தொழுகை முடிந்தது. தூண்களை ஒட்டி அம்மாக்கள் குழந்தைகளோடு வரிசையாக நின்றார்கள். பாதிப் பேர் நெற்றியில் குங்குமம். தொழுதுவிட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக ஓதி, குழந்தைகளின் முகத்தில் ஊதிவிட்டுப் போனார்கள்.

தங்கை பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கவுஸிடம் வந்தாள். “இத்த இடிச்சிட்டா, கொயந்தய தூக்கிக்கினு நாங்க எங்க பாய் நிக்கறது?”

கவுஸ் பிளானை விரலால் பெரிதாக்கினான். பார்க்கிங்... செருப்பு ஸ்டாண்ட்... ஜெனரேட்டர் ரூம்... மறுபடி முதலிலிருந்து தேடினான். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். “கமிட்டியில பேசறேம்மா.”

நேற்று அவனிடமிருந்து போன். முன்மண்டபம் தப்பித்தது! கூரையை மட்டும் பிரித்துப் பழையபடி சுண்ணாம்புத் தளம் போடுகிறார்கள். புதுக் கூடம் பின்னால் காலி இடத்தில். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கமிட்டி எப்படி ஒத்துக்கொண்டது?

“எல்லாரும் கொயந்தையில அங்க வந்து ஊதிக்கினவங்கதானேடா” என்றான்.

புது பிளானில் அந்த இடத்துக்கு என்ன பெயர் போட என்று இன்ஜினியர் கேட்டாராம். ‘ஹெரிடேஜ் போர்ட்டிகோ’ என்று போடலாமா?

கவுஸ் சொன்னானாம்: “அதெல்லாம் வேணாம் சார். அம்மாங்க நிக்கற எடம்னு போடுங்க.”