கம்பான் கட்டிய வளவு

கயிறு என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கிணற்றில் வாளியோடு இறங்குவது கயிறு, சரி. மாட்டின் கழுத்தில் கிடப்பதும் கயிறுதான். கரைவலையைக் கடலிலிருந்து இழுத்து வருவது கம்பான். தேங்காய்த் தும்பில் முறுக்கியது, தடித்தது, ஆட்கள் வரிசையாக நின்று இடுப்பைச் சாய்த்து இழுக்க உப்புச் சொட்டச் சொட்ட மணலில் ஏறி வருவது. பக்கத்து ஊர்த் தேர்த் திருவிழாவில் அதே தடிப்புக்கு வடம் என்று பெயர். கரண்ட் போஸ்டிலிருந்து வீட்டுக்கு வருவது வயர், மண்ணுக்குள் புதைவது கேபிள். அகராதி இவற்றையெல்லாம் ஒரே வரியில் நிறுத்தும். நிறுத்தட்டும். என் உம்மா ஒரு கம்பானைக் கட்டி அரசாங்கத்தை மறித்தார். அதைக் கயிறு என்று எழுதினால் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்தால் கல்லும் மணலும் சேர்க்கத் தொடங்குவார்கள். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். மூத்த மகள் எனக்குச் சந்தைப் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. தங்கச்சிக்குக் கல்முனைக்குடிக் கடற்கரையில். வாப்பா மௌத்தாகும் முன்பு கூரை போட்டு முடித்த கடைசி வீடு அது. வீடு நின்ற வளவுக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. தாயிடமிருந்து மகளுக்கு வாய்ச்சொல்லால் கைமாறி வந்த மண். அது யாருடையது என்று தெரு முழுக்கத் தெரிந்திருந்ததால் எழுதிவைக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு கடல் வந்தது, தெருவே இல்லாமல் போயிற்று.

அன்று காலை உம்மாவும் தங்கச்சியும் என் வீட்டில் இருந்தார்கள். கரையில் நின்ற அவள் புருசன், எங்களுக்கு மச்சான், ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பினார். அயலில் யார் யார் இல்லாமல் போனார்கள் என்று இங்கே நான் எண்ணப்போவதில்லை. அவர்களை எண்ணிக்கையாக்கியவர்கள் போதும். நாங்கள் திரும்பிப் போனபோது வீடு நின்ற இடத்தில் மணல் அடைத்த கிணறும் முறிந்த தென்னங்குற்றியும் இருந்தன. உம்மா கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து, குசினி அடுப்பு இருந்த பக்கம் எதுவென்று கையால் காட்டினார். பிழையில்லாமல் காட்டினார்.

வீடு போனவர்களாகப் பதிந்து உம்மாவும் தங்கச்சியும் மச்சானும் தங்கியிருந்த பாடசாலை முகாமுக்கு, நானும் போயிருந்த ஒரு நாள், ஓர் அதிகாரி வந்து புதிய சட்டத்தை விளக்கினார். கடலோரத்தில் இனி வீடு கட்டக்கூடாது. உள்ளே, வயலை நிரப்பி, புதுவீடுகள் தருவார்கள். பழைய வளவை விட்டுக்கொடுத்துக் குடும்பத் தலைவர் கையெழுத்து வைத்தால் சாவி அவர் கைக்கு வரும். வீடும் அவர் பெயரில். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். உம்மா எழும்பினார்.

“என்ட மகள்ட வீட்டில மருமகன் இரிக்கலாம் சேர். மருமகன்ட வீட்டில என்ட மகள் இரிக்கிறெண்டா அது எந்த ஊர்ச் சட்டம்?”

அதிகாரி நல்ல மனிதர். சிரித்தார். யார் பெயரில் இருந்தால் என்ன, எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழேதானே என்றார்.

“அப்ப அவள்ட பேரிலயே எழுதுங்களன்” என்றார் உம்மா.

அதிகாரி படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். அப்படி எழுத இடமில்லை என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாளே உம்மா கடற்கரைக்குப் போய்விட்டார். மச்சான் வேலை செய்த கரைவலையின் தோணி இரண்டாகப் பிளந்து கிடந்தது. கம்பான் மட்டும் தாழை வேர்களில் சிக்கி மிஞ்சியிருந்தது. வலைக்குச் சொந்தக்காரர், இழுக்கத் தோணியில்லாத கம்பானை வைத்து என்ன செய்ய, கொண்டுபோங்க என்றார். மச்சானும் கூட்டாளிகளும் அதைத் தோண்டி எடுத்து, உச்சி வெயிலில், உம்மா காட்டிய இடங்களில் கம்பு நட்டு வளவைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். விரல் வைத்தால் அதிரும் இறுக்கம்.

அன்று பின்னேரம் மழை பெய்தது. தும்பு நனைந்தால் சுருங்கும். கம்பானை வாழ்நாள் முழுக்க ஈரத்திலேயே இழுத்துப் பழகிய ஆட்கள், அதைக் காயவைத்துக் கட்டிய அனுபவம் அவர்களுக்கு இல்லை. காலையில் பார்த்தால் மூலைக் கம்புகள் நான்கும் பிடுங்கப்பட்டு உள்ளே சாய்ந்து கிடந்தன. அடுத்த வளவு மாமி, அவவும் முகாமிலிருந்து தன் மண்ணைப் பார்க்க வந்தவர், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடல் வந்த பிறகு அந்தக் கரையில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

“உன்ட வளவு நனைஞ்சா சுருங்குதுகா. என்ட வளவு அதால வளருது.”

“சிரி, சிரி. வெயில் வந்தா உன்ட வளவு எங்க போகுமெண்டு பாப்பம்” என்றார் உம்மா.

இம்முறை தொய்வாகக் கட்டினார்கள். மிஞ்சிய கம்பானை மாமி கேட்டு வாங்கித் தன் வளவைச் சுற்றினார். அதற்கடுத்த பெண்ணும் எங்கிருந்தோ ஒரு துண்டு கொண்டுவந்தாள். கொஞ்ச நாளில் கரை நெடுக, வீடில்லாத வளவுகள் வரிசையாக எழுந்துவிட்டன. அவிழ்க்கச் சொல்லி அரசாங்கத்திலிருந்து ஆள் வந்தது. பகலில் அவிழ்த்தார்கள், பின்னேரம் கட்டினோம். நானும் கட்டினேன். உள்ளங்கை தோல் உரிந்து ஒரு மாதம் பேனை பிடிக்க முடியவில்லை. அந்த மாதம் எழுதாமல் போன கவிதைகளைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை.

மச்சான் தளர்ந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். முகாமிலிருந்து மாற்றிவிட்ட தகரக் கொட்டிலின் வெக்கையில் தங்கச்சி வயிற்றுப் பிள்ளையோடு படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ஒரு நாள் என்னிடம் வந்து, “மச்சி, நான் கையெழுத்து வெக்கப் போறன். நீங்க உம்மாட்டச் சொல்லுங்க” என்றார். நான் வாய் திறக்குமுன் கொட்டிலுக்குள் இருந்த தங்கச்சி வெளியே வந்தாள். அதிகாரி முன்னால் தலைகுனிந்து நின்றவள் அவள்தான்.

“வெய்ங்க. வெச்சிட்டுச் சாவியக் கொண்டுபோய் அங்க நீங்க தனிய இரிங்க. சோறு வேணுமெண்டா கடற்கரைக்கு வாங்க, தாறன்.”

 என்ன கறி என்று கேட்டார் மச்சான். கையெழுத்து வைக்கப் போகவில்லை.

கம்பானுக்குள்ளே முதலில் ஒரு தென்னங்கிடுகுக் கொட்டில் வந்தது. பிள்ளை அங்கேதான் தவழ்ந்தது. சட்டம் பிறகு தானாகவே இளகிற்று. எங்கள் முகத்தைப் பார்த்து இளகியது என்று நான் நினைக்கவில்லை, நாங்கள் போகாததால் இளகியது. கல் கல்லாக மச்சானும் தங்கச்சியும் சுவர் எழுப்பினார்கள். இடையில் யுத்தம் மறுபடி மூண்டு, சோதனைச் சாவடிகளில் பெயரும் ஊரும் சொல்லிச் சொல்லியே நாங்கள் சீமெந்து ஏற்றிவந்தோம்.

யுத்தம் முடிந்தது என்ற அன்று சந்தியில் பட்டாசு வெடித்தார்கள். சிலர் கொடி பிடித்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். தங்கச்சி சுவருக்குப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தாள். என்ன சத்தம் என்று கேட்டாள், சொன்னேன். சாந்து காய முன்னம் தேய்க்க வேணும், அந்தத் தேப்புக்கட்டைய எடுங்க ராத்தா என்றாள்.

அதன் பிறகுதான் கடற்கரைக்குப் புதிய போஸ்டுகள் வந்தன. ஒரு காலையில் கரண்ட் ஆள் தோளில் கறுப்பு வயர்ச் சுருளோடு வாசலில் வந்து நின்றார். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார்.

“நான்தான்” என்றாள் தங்கச்சி.

“இல்ல தங்கச்சி, அவர் இல்லையா?”

“கடலுக்குப் போயிட்டார். வந்தாலும் என்னட்டத்தான் கேப்பார்.”

அவர் உம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் தங்கச்சியைக் கைகாட்டினோம். கடைசியில் அவர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். தங்கச்சி வாப்பாவின் பெயரோடு சேர்த்துத் தன் முழுப்பெயரையும் மெதுவாகச் சொன்னாள். அவர் எழுதி முடித்து, அதைத் திருப்பி வாசித்துக் காட்டும் வரைக்கும் அவள் ஏணியைப் போஸ்டில் சாத்த விடவில்லை.