ஜக்கில் நின்ற ராசாத்தி

என் மூக்குக்கண்ணாடியின் கால் முறிந்து, நூலால் கட்டிக்கொண்டு மூன்று மாதம் ஓடிவிட்டது. என் கணவரோ தன் பழைய ஏ-40 காருக்குத் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி முழுக்க அலைந்து பக்கக் கண்ணாடி வாங்கி வந்தார். எனக்கு வயிறெரிந்தது.

அன்று பண்டத்தரிப்பில் எங்கள் முற்றத்தில் காரின் முன்பக்கத்தை ஜக் போட்டு உயர்த்தி, டயரோடு ஒரு சில்லைக் கழற்றிவிட்டு, அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். நான் தேநீர் கொண்டுபோனேன். அடியிலிருந்து அவர் குரல் கேட்டது.

"கொஞ்சம் பொறு ராசாத்தி, இப்ப முடிஞ்சிடும்."

காரிடம்தான் கதைத்தார். முப்பது வருடத்தில் என்னை ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. திறந்திருந்த கார்க் கதவை ஓங்கி அடித்துச் சாத்தினேன். ஜக் சரிந்து, கார் தடாரென்று இறங்கியது.

"ஐயோ, இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன்.

நல்லகாலம், கழற்றிய சில்லை அவர் காருக்கு அடியிலேயே படுக்கப் போட்டிருந்தார். கார் அதன்மேல் நின்றுவிட்டது. ஊர்ந்து வெளியே வந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"கதவுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?"

இப்போதெல்லாம் அவர் அடியில் போகுமுன் நானே மரக்கட்டைகளை வைத்து, அசைகிறதா என்று பார்த்துவிட்டு, கதவுப் பக்கமே போகாமல் நிற்கிறேன். வேலை முடிந்து, காரை இறக்கிவிட்டு அவர் கை கழுவப் போனதும், ராசாத்தியின் சில்லுக்கு ஓர் உதை கொடுப்பேன்.