மகளின் முகம் வற்றுவதற்காக

தொண்ணூறுகளில் கல்முனையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தேன். இரத்தத்தின் வெண்குழியங்கள் வளரும்போதே, சொந்த உடம்பைத் தாக்கக்கூடியவை களையப்படுகின்றன. பெண்ணுடம்பில் சுரக்கும் ஓமோன் அந்தக் களையெடுப்பைத் தளர்த்திவிடக்கூடும். இதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன் நான்.

என் மூத்த மகளுக்கு வந்தது அப்படியான நோய்தான். வயதுக்கு வந்து சில வருடங்களில் மூட்டுகள் வீங்கின, கன்னங்கள் சிவந்து தடித்தன. டொக்டர் கொடுத்த ஸ்டீரொய்ட் குளிசையும் ஓர் ஓமோன்தான். வழிதவறிய குழியங்களை அது அடக்கி வைத்தது. அவளுடைய முகத்தை ஊதவும் வைத்தது.

அவளுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று. பெருநாள் கழிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பார்க்க வருவதாக இருந்தது. என் தங்கச்சி, மகளின் காதுபடவே என்னிடம் சொன்னாள்:

“காக்கா, புள்ளட மூஞ்சப் பாத்தீங்களா? பொண்ணு பாக்க வந்தமா, பூசணிக்காய் வாங்க வந்தமா எண்டு கேப்பாங்க!”

எனக்குத் தங்கச்சிமேல் கோபம் வரவில்லை. மகளின் முகத்தின்மேல் வந்தது. என்ன மனிதன் நான்!

நோன்பு தொடங்கியது. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று தெரிந்துகொண்டே அவளை நோன்பு பிடிக்கச் சொன்னேன். அதைச் சாட்டிக் குளிசையை எடுத்து ஒளித்தேன்.

“வாப்பா, உடன நிப்பாட்டப்படா எண்டு டொக்டர் சொன்னாரே?”

“உனக்குப் படிப்பிச்சது டொக்டரா, நானா? பெருநாள் முடியக் குடிக்கலாம்.”

முகம் வற்றியது. வந்த பெண்கள் அவள் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்திப் பார்த்து, “மாஷா அல்லாஹ், நல்ல வடிவு” என்றார்கள். காய்ச்சலில் அவளுக்கு உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கிழமையே கால்கள் வீங்கி, சிறுநீர் நின்று, மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கத்தினார்: “குளிசைய ஆர் நிப்பாட்டின?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“நான்தான் டொக்டர். மூஞ்சி ஊதுதெண்டு வெக்கத்துல நிப்பாட்டிட்டன்” என்றாள் மகள்.

“வாத்தியார்ர புள்ளைக்கு மூளையில்லையா?”

அந்த ஏச்சு முழுவதையும் கட்டிலில் கிடந்தபடி அவளே வாங்கிக்கொண்டாள். வாத்தியாரான நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சிறுநீரகங்கள் தேறவில்லை. அடுத்த நோன்புக்கு முன் மௌத்தானாள். ஜனாஸா வீட்டில் வைத்தே, “வடிவுக்கு ஆசைப்பட்டு உசிர விட்ட புள்ள” என்று கதைத்தார்கள். அவர்களை அடிக்க வேண்டும்போல் இருந்தது. எந்த உரிமையில் அடிப்பது? நானும் தலையை ஆட்டினேன். இத்தனை காலமும் ஊர் அப்படித்தான் கதைக்கிறது.

அவள் குளிசையை நிறுத்தவில்லை. நிறுத்தியவன் நான்.