மீதி என்று எழுதிய பொட்டலம்

ஆம்பூரில் நான் பார்த்த அந்த மெக்கானிக் ஒல்லியானவர், நரைத்த தாடிக்காரர். எதைத் தொடுவதற்கு முன்னும் ஷூ கம்பெனியில் கழித்துப் போட்ட தோல் துண்டில் விரல்களைத் துடைத்துக்கொள்வார்.

என் பழைய மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தில் பேரிங்குகளை நானே மாற்றியிருந்தேன். ஆக்சில் நட்டை முடுக்கியதும் சக்கரம் சுற்றவில்லை. வண்டியைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். "இன்னிக்கும் சரியாகலன்னா நேரா காயலான் கடைதான்" என்று சொல்லி என் மனைவியும் கூடவே வந்திருந்தாள்.

அவர் சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல ஒரு குழாய் இருந்திருக்குமே சார், அத்த இன்னா பண்ணீங்க?" என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

கழற்றியவற்றைப் பெயர் எழுதிப் பொட்டலம் கட்டி வைப்பது என் வழக்கம். பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதன்மேல் 'மீதி' என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ஒரு பேரிங்கைத் தட்டி எடுத்து, குழாயை உள்ளே வைத்து, மறுபடி பொருத்தினார். நட்டை முடுக்கிய பிறகும் சக்கரம் ஒரு விரல் பட்டதும் சுற்றியது.

"இன்னா ஆச்சுங்க அதுக்கு?" என்று சற்றுத் தள்ளி நின்றிருந்த மனைவி அவரைக் கேட்டாள்.

"வெயிலுக்கு இறுகிப்போச்சும்மா, வேற ஒண்ணும் இல்ல" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

முன்பின் தெரியாத எனக்காக அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றும் யோசிக்கிறேன். அது மார்கழி மாதம். நாங்கள் மூவருமே ஸ்வெட்டர் போட்டிருந்தோம்.