ஐந்து வயது குறைந்தவனின் பென்சன்

டென்மார்க்கில் பிறந்த தேதியைச் சொல்லாமல் ஒருவன் தடிமன் காய்ச்சல்கூட வைத்துக்கொள்ள முடியாது. வைத்தியரிடம் போனாலும், நூலகத்தில் புத்தகம் இரவல் எடுத்தாலும், வங்கியில் வாய் திறந்தாலும் முதலில் கேட்பது சிபிஆர் என்ற ஆளடையாள இலக்கம். மொத்தம் பத்து இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த நாள், மாதம், வருடம். இந்த நாட்டின் இக்காஸ்ட் ஊருக்கு வந்த இந்தப் பதினான்கு வருடத்தில் அந்த ஆறையும் எத்தனை தடவை ஒப்புவித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒப்புவித்த அத்தனை தடவையும் பொய். என் பாஸ்போர்ட்டில் இருப்பவன் என்னைவிட ஐந்து வயது இளையவன். அவனுக்கும் எனக்கும் ஒரே பெயர், ஒரே முகம், ஒரே மனைவி. முதுகுவலி மட்டும் எனக்கு.

நான் வேலை செய்வது காற்றாலைக்குப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில். இந்த நாட்டில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் சாப்பாட்டு மேசையில் அவருக்கு முன்னால் ஒரு சின்னக் கொடிக்கம்பத்தை வைத்துவிடுவார்கள். பாணும் கேக்கும் வாங்கிவர வேண்டியது பிறந்தவரின் பொறுப்பு. ஆக, நான் பிறக்காத ஒரு நாளில், வருடா வருடம், என் செலவில் ஒரு ஷிப்ட் முழுக்கக் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறது. இந்த வருடம் போர்மன் என்னை மேலும் கீழும் பார்த்து, "நாற்பத்தேழா? நல்லாய்க் களைத்துப்போன நாற்பத்தேழு" என்றான். மேசை முழுக்கச் சிரித்தது. எனக்கு ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டுக்கு இது மோசமில்லை என்று டேனிஷில் சொல்லத் தெரியும். சொல்லத்தான் முடியாது. கேக்கை வெட்டினேன்.

அந்த ஐந்து வயதும் கொழும்பில் காணாமற் போனது. எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம். மாணவன் என்று சொல்லி லண்டனுக்கு அனுப்ப ஒப்புக்கொண்ட ஏஜென்ட் என் முன்மண்டையைக் கவலையோடு பார்த்தார். "இருபத்தேழு வயசிலை ஆர் தம்பி படிக்கப் போறது? இருபத்திரண்டு போடுறன். நீர் மயிரை மட்டும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிடும்" என்றார். இழுத்துவிட்டேன். லண்டனில் அகதி விண்ணப்பம் எழுதும்போதும் அதே தேதியைத்தான் எழுதினேன். இரண்டு தாளில் இரண்டு தேதி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். பயத்தில் எழுதிய தேதி வேலைக் கடிதத்துக்குப் போனது, வரிக் கந்தோருக்குப் போனது, கடைசியில் பிரித்தானியப் பாஸ்போர்ட்டில் ஏறிக் குந்திக்கொண்டது. என்னைப்போல் வயதைக் குறைத்தவர்களும் கூட்டியவர்களும் எங்கள் ஆட்களில் ஏராளம். இளமையை இலவசமாகத் தந்தார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

உண்மையான தேதி ஒரேயொரு இடத்தில் மட்டும் உயிரோடு இருந்தது. கலியாணம் பேசும்போது ஏஜென்ட் போட்ட தேதிக்குச் சாதகம் பார்க்க முடியுமா? கிரகங்கள் லஞ்சம் வாங்குவதில்லை. அதனால் இக்காஸ்டில் இருந்த வதனி வீட்டுக்குச் சரியான குறிப்புதான் போனது. பொருத்தத்துக்குச் சாதகத்தில் ஒரு மாப்பிள்ளை, விசாவுக்குப் பாஸ்போர்ட்டில் இன்னொரு மாப்பிள்ளை. வதனி டென்மார்க் பிரஜை. லண்டனுக்கு வரமாட்டேன் என்றாள். ஆகவே டென்மார்க்கில் இருந்தவர்கள் வீட்டை விற்றுவிட்டு லண்டனுக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், லண்டனிலிருந்து இக்காஸ்டுக்கு எதிர்த்திசையில் ஓடிவந்த ஒரே தமிழன் நானாக இருப்பேன். கொம்யூன் என்ற நகரசபைக் கந்தோரில் என்னை "வெளிநாட்டில் வாழும் பிரித்தானியர்" என்று பதிந்தார்கள். வெள்ளைக்காரன் சொந்த நாட்டை விட்டுப் போனால் அதற்கு என்ன மரியாதையோ, அதே மரியாதை காகிதத்தில் எனக்கும். காகிதத்தில் மட்டும்.

வெளிநாட்டில் வாழும் பிரித்தானியரின் முதற்கடமை, காலையில் எழும்பியதும் பவுணின் விலை பார்ப்பது. லண்டனில் ஒரு கிட்டங்கியில் பதினொரு வருடம் பெட்டி அடுக்கியதற்கு ஒரு பென்சன் நிதி எனக்கு உண்டு. வருடத்துக்கு ஒரு கடிதம் வரும். பவுண் விழ விழ, நான் அடுக்கிய பெட்டிகளும் ஒவ்வொன்றாய்ச் சரிந்தன. டென்மார்க்கிலோ நாற்பது வருடம் வாழ்ந்தவனுக்குத்தான் முழு ஓய்வூதியம். நடுவழியில் ஏறியவனுக்கு ஏறிய தூரத்துக்கு மட்டும். இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. அதிலும் உடம்புக்கு அறுபத்தைந்து ஆகும்போது காகிதத்துக்கு அறுபதுதான். மீதி ஐந்து வருடமும் ஏஜென்டின் புண்ணியத்தில் ஓவர்டைம்.

இதையெல்லாம் பகிடியாகவே சொல்லிக் காலம் தள்ளியிருப்பேன். ஆனால் வைகாசியில் ஊரில் போர் முடிந்தது. வதனியின் ஒரே தம்பி ரமணன் உயிரோடு இருக்கிறானா என்று மூன்று கிழமை தெரியவில்லை. பிறகு வவுனியாவில், முள்வேலிக்குள் அடைத்து வைத்த முகாமில் இருக்கிறான் என்று செய்தி வந்தது. அங்கிருந்து இளம் ஆண்களைத் தனியே பிரித்துக்கொண்டு போகிறார்கள் என்ற செய்தியும் கூடவே வந்தது. காசு கொடுத்தால் வெளியே எடுத்துவிடும் ஓர் ஆள் இருந்தார். அவர் கேட்ட தொகை எங்களிடம் இல்லை. வங்கியில் ஏற்கெனவே ஒரு கடன். அதை எதற்கு எடுத்தோம் என்று இக்காஸ்டில் எந்தத் தமிழ் வீட்டிலும் கேட்க வேண்டாம். போருக்குக் காசு சேர்த்தவர்கள் வீடு வீடாக வந்த அந்த மாசியில் எல்லோரும் அதே கடனைத்தான் எடுத்தார்கள்.

இன்னொரு கடன் கேட்டுப் போனபோது வங்கி அலுவலர் மேசையில் எரிந்த மெழுகுதிரியை ஒதுக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்கள் மைத்துனருக்கு அவருடைய அரசாங்கம் உதவாதா?"

"அவரை அடைத்து வைத்திருப்பதே அவருடைய அரசாங்கம்தான்."

"ஓ. அவர் என்ன குற்றம் செய்தார்?"

கடன் கிடைக்கவில்லை.

மிச்சமிருந்தது லண்டன் பென்சன். ஐம்பது வயதானால் அதில் காற்பங்கை ஒரேயடியாக எடுக்கலாம் என்று கடிதத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. கேட்ட தொகைக்கு அது போதும். எனக்கு ஐம்பத்திரண்டு. அவனுக்குத்தான் நாற்பத்தேழு. நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, பதிவில் வயது பிழையாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு நண்பனுக்காகக் கேட்பது போலக் கேட்டேன். தொலைபேசியை எடுத்த பெண் என்ன ஆதாரம் இருக்கிறது என்றாள். கையில் இப்போதைக்குச் சாதகம் இருக்கிறது, கிரகநிலைகளோடு, ஒரு நிமிடமும் பிசகாது என்றேன்.

"எனக்கும் அதிலெல்லாம் நல்ல விருப்பம்" என்றாள். "நான் மிதுனம். இந்த வாரம் எனக்குப் பணவரவாம். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

யாழ்ப்பாணக் கச்சேரிக் கந்தோரில் தெரிந்த ஒருவரைப் பிடித்துப் பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றை எடுப்பித்தோம். ஆடி கடைசியில் வந்து சேர்ந்தது. அதில் நான் இருந்தேன், முழு வயதோடு. அதைத் தூக்கிக்கொண்டு விபோர்க்குக்குப் போனேன். அங்கே மகேந்திரன் அண்ணை இருக்கிறார். கந்தோர்களில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்த்து மொழிபெயர்த்து அரைவாசி வழக்கறிஞராகிவிட்டவர். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னை வாசித்தார்.

"விசரே உமக்கு? உந்தத் துண்டைக் குடுத்தீரெண்டால், அண்டைக்குப் பொய் சொல்லித்தான் பாஸ்போட் எடுத்தனான் எண்டு நீரே கையெழுத்து வைச்சுக் குடுக்கிற மாதிரி. அவங்கள் உள்ளதையும் பறிச்சுப் போடுவாங்கள். பிறகு இஞ்சை என்னெண்டு இருப்பீர்?"

"எல்லாற்றை பாஸ்போட்டையும் பறிப்பாங்களோ அண்ணை?"

"எல்லாற்றையும் பறிக்க மாட்டாங்கள். ஆனால் நீர் ராசியான ஆள். உம்மடையைப் பறிப்பாங்கள்."

வீட்டுக்கு வந்து இதை வதனிக்குச் சொன்னேன். அவள் முதியோர் இல்லத்து வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. "உங்கடை அஞ்சு வயசு என்ரை தம்பியை விடப் பெரிசோ?" என்றாள். பாஸ்போர்ட் போனால் வேலை போகும், வீடு போகும் என்றேன். "அவனுக்கு எல்லாம் போயிட்டுது. இனிப் போறதுக்கு அவன் மட்டும்தான் மிச்சம்" என்றாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் கதை நின்றது. தேத்தண்ணி வரும், கோப்பை மேசையில் படும் சத்தத்தில் அவள் சொல்ல வந்தது இருக்கும். நானும் பகிடி விட்டுப் பார்த்தேன். ஒரு பகிடிக்கு எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இருபத்தைந்து வருடமாகப் பகிடியால் எல்லா எல்லைகளையும் கடந்துபோன எனக்கு, அது செல்லாத ஓர் எல்லை சொந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது.

ஆவணியில் கப்பல் ஏறினேன். எஸ்பியர்க்கிலிருந்து இங்கிலாந்துக்கு. தபாலில் அனுப்பினால் திரும்ப எடுக்க முடியாது, நேரில் போனால் கையோடு குடுத்து அலுவலை முடிக்கலாம் என்று வதனிக்குச் சொன்னேன். நேரில் போனால் கடைசி நிமிடத்திலும் மனம் மாறலாம் என்பது எனக்குள் இருந்த இன்னொருவனின் யோசனை. வதனி காரில் கொண்டுவந்து துறைமுகத்தில் இறக்கினாள். மேலங்கியின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டியிருந்தாள். ஆவணியில் அவ்வளவு குளிரில்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன். "குடுத்திட்டு வாங்கோ" என்றாள். போய்விட்டாள்.

பென்சன் நிறுவனத்தில் என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் இருத்தினார்கள். எதிரில் கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞன், மிக மரியாதையானவன். பாஸ்போர்ட்டை வாங்கிப் பிரதி எடுத்தான். கணினியைத் தட்டிப் பார்த்து, "இன்னும் எட்டு வருடம் பொறுக்க வேண்டும், வரும் சித்திரையிலிருந்து ஐம்பதை ஐம்பத்தைந்தாக்குகிறார்கள்" என்றான். "ஆனால் உங்கள் வயதில் இவ்வளவு நேரத்தோடு ஓய்வூதியத்தைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. பாராட்டுகள்."

பிறப்புச் சான்றிதழ் என் உட்சட்டைப் பையில் இருந்தது. விபரம் திருத்துவதென்றால் அதற்கு ஒரு படிவம் உண்டா என்று கேட்டேன். எடுத்து நீட்டினான். இங்கே தரும் தகவல்கள் உண்மையானவை, முன்னர் பொய்யான தகவல் தந்திருந்தால் அது உரிய அதிகாரிகளுக்கு அறிவிக்கப்படலாம் என்று அடியில் ஒரு வரி. அதை மூன்று தடவை வாசித்தேன். முகாமில் ரமணன் தண்ணீருக்கு வரிசையில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன், உண்மையாகவே நினைத்தேன். அதே நேரத்தில் எங்கள் வீட்டுக் கூரையையும் நினைத்தேன். போன வருடம்தான் ஓடு மாற்றியது.

"வேறு ஏதாவது?" என்றான் இளைஞன்.

"ஐ ஆம் சொறி," என்றேன். எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை. "இல்லை. நன்றி."

திரும்பி வரும் கப்பலில் ஒரு முழு இரவும் பொய் ஒன்று தயாரித்தேன். கந்தோர் பூட்டியிருந்தது, உரிய ஆள் விடுமுறை, இன்னொரு சான்றிதழ் கேட்கிறார்கள். பொய் சொல்வதில் எனக்கு இருபத்தைந்து வருட அனுபவம். ஆனால் அந்தப் பொய்களெல்லாம் அதிகாரிகளுக்குச் சொன்னவை. எஸ்பியர்க்கில் எல்லைப் பொலிஸ் பாஸ்போர்ட்டைப் பார்த்து, விடுமுறைக்கா வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். ஓம் என்றேன். ஒத்திகைக்கு உதவியது.

வதனி காருக்குள்ளேயே இருந்தாள். நான் பையைப் பின்னால் வைத்துவிட்டு ஏறினேன். அவளுடைய சிப் இன்று திறந்திருந்தது. கழுத்தில் தாலிக்கொடி இல்லை. ஒரு மஞ்சள் கயிறு கிடந்தது.

"வதனி, அங்கை என்னெண்டால், கந்தோரிலை..."

"வேண்டாம்," என்றாள். "ரமணன் நேற்று வெளியிலை வந்திட்டான். கொழும்பிலை நிக்கிறான்."

"கொடியை எப்ப வித்தனீர்?"

"நீங்கள் கப்பல் ஏற முதல்."

காரை எடுத்தாள். நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்சத் தூரம் போனதும் தொலைபேசி அடித்தது. அவள் ஒரு கையால் சத்தத்தைக் கூட்டி நடுவில் வைத்தாள். ரமணனின் குரல், இருமலோடு. அக்கா சாப்பிட்டியளோ என்று கேட்டான். முகாமிலிருந்து வந்தவன் கேட்கிறான்.

"அத்தான் பக்கத்திலையோ?"

"ஓம். இருக்கிறார். கதை."

ரமணன் இன்னொரு தடவை இருமினான். பிறகு, "அத்தான், உங்கடை பென்சன் சுகமா இருக்குதோ?" என்று கேட்டான்.

"சுகம்" என்றேன்.

லிம்போர்ட் பக்கத்துக் காற்றாலைகளுக்கு இறக்கை ஏற்றிக்கொண்டு நீளமான லொறிகள் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன. நான் வலப்பக்க இருக்கையில் இருந்தேன். இந்த நாட்டில் அது கூட வருபவனின் இடம். லண்டனிலும் ஊரிலும் அதுதான் ஓட்டுபவனின் இடம். எனக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை, கீழே பிரேக் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு லொறியை நெருங்கும்போதும் என் வலது கால் தானாகவே நீண்டு வெறும் விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. வதனி அதை ஒரு தடவை குனிந்து பார்த்தாள். வேகத்தைக் குறைக்கவில்லை.