காசில்டா அள்ளவிடாத சருகு

லெயோன்சியோவை அவன் பெண்டாட்டி காசில்டா கொன்று ஓக் மரத்தடியில் புதைத்துவிட்டாள் என்பது எங்கள் வால்தென்சினா ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சேதி. கோடரியாலா, மண்வெட்டியாலா என்பதில்தான் தகராறு. இல்லையென்றால் அவள் காட்டின் நாற்பது ஓக் மரத்தடியிலும் ஒரு கைச் சருகுகூட அள்ள விடாமல் பதினோரு வருஷமாக ஏன் காவல் காக்கிறாளாம்? நல்ல கேள்விதான். அவளிடம் கேட்கத்தான் ஆளில்லை. நடந்தது வேறு.

லெயோன்சியோ வீட்டோடு இருந்த காலத்தில், பட்டணத்து நாற்றுப்பண்ணைக்காரன் ஒருவன் வந்து மரத்தடியில் மக்கிக் கிடந்த கறுப்பு மண்ணைக் கேட்டான். காசில்டா முடியாது என்றாள். அவள் அக்காளுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து லெயோன்சியோ மொத்தத்தையும் சுரண்டி லாரியில் ஏற்றிவிட்டான். திரும்பி வந்து பார்த்தால் காட்டுத் தரை மொட்டையடித்த தலை மாதிரி கிடக்கிறது.

மரம் மண்ணிலிருந்து எடுத்ததை இலையாகத் திருப்பிப் போடும். அது மழையில் மக்கி மறுபடி வேருக்குப் போகும். ஓக் இலையோ செருப்புத்தோல் ஜாதி, மக்க வருஷக்கணக்காகும். இவன் சாப்பிடுகிறவன் முன்னாலிருந்து தட்டை உருவிவிட்டான். மூன்றாம் வருஷம் நுனிக்கிளைகள் காய்ந்தன. கொட்டைகள் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கின. குளிர்காலமெல்லாம் அதைத் தின்று கொழுக்க வேண்டிய பன்றிகள் விலா எலும்பு தெரிய அலைந்தன.

"பன்னி எளைச்சுப் போச்சு, நீ மட்டும் பெருத்துக்கிட்டே போற. வெளிய போய்யா!"

காசில்டா இப்படி விரட்டியதும், பாலாடைக்கட்டி விற்க வந்தவளோடு அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான். கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் போன் நம்பரோடு ஒரு கடிதம் வரும்: 'வரட்டுமா?' அவள் அதை அடுப்புப் பற்றவைக்க வைத்துக்கொள்வாள். கொன்று புதைத்த கதை காதில் விழுந்தபோது மறுக்கவில்லை. சருகு அள்ளச் சாக்கும் வாரியுமாக வந்தவர்கள் அந்தப் பயத்தில் நின்றுபோனார்களே! நாய்கூட அவ்வளவு நன்றாகக் காவல் காக்காது.

இந்தச் செப்டம்பரில் கொழுந்தன் அபுந்தியோவுக்கு அதே மண்மேல் கண் விழுந்தது. கேட்டுப் பார்த்தான், நாயை அவிழ்த்துவிட்டாள். நேரே போலீசுக்குப் போய், "எங்கண்ணனத் தோண்டிக் குடுங்க" என்று அழுதான். மறுவாரம் ஏட்டு உத்தரவோடு வந்தார். பின்னாலேயே அபுந்தியோவின் மண்வாரி இயந்திரம், இரண்டு லாரி, வேடிக்கை பார்க்கப் பாதி ஊர்.

"எந்த மரம்னு புகார்ல இல்லம்மா. நாப்பதையும் தோண்டணும்."

"எங்கண்ணன் ஆத்மா அலையுது மதினி."

"ஆத்மாவ அள்ளிட்டுப் போக ரெண்டு லாரியா?"

"தோண்டுன மண்ண எங்க போட? ஒரு ஒத்தாசைக்குத்தான்."

"ஒங்க குடும்பமே இப்பிடி ஒத்தாச பண்ணித்தான் எம் பன்னி பட்டினி கெடந்துச்சு."

இயந்திரத்தின் பல் முதல் மரத்தடியில் இறங்கியது. நாலு விரல் கனம் கறுப்பு மண், வெள்ளைக் காளான் இழையும் மண்புழுவுமாகச் சுருண்டு மேலே வந்தது. பதினோரு வருஷச் சேமிப்பு. வாயைத் திறந்தால் ஊரின் பயம் போய்விடும். திறக்காவிட்டால் மண்ணே போய்விடும். காசில்டா வீட்டுக்கு ஓடி, அடுப்பு மூலையில் மிச்சமிருந்த கடிதத்தோடு வந்தாள்.

"நிறுத்தச் சொல்லுங்கய்யா. ஒங்க போனக் குடுங்க."

ஏட்டு கடிதத்திலிருந்த நம்பரை அடித்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"நான் காசில்டா."

"காசில்டாவா! வந்துரட்டுமா கண்ணு?"

"வாய மூடு. நீ செத்தியா இல்லையான்னு ஏட்டய்யாகிட்டச் சொல்லு."

"நானா? சாகலையே... அதென்ன மெஷின் சத்தம்?"

"அண்ணே..." என்றான் அபுந்தியோ, குரல் இறங்கி.

"அபுந்தியோவாடா? மண்ணு எடுக்கியா? அதுல எம் பங்கு..."

காசில்டா போனை அணைத்தாள். ஏட்டு உத்தரவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அபுந்தியோவின் லாரிகள் வெறுமையாகத் திரும்பின. கூட்டத்துக்குத்தான் பெரிய ஏமாற்றம். ஒருவன் அப்போதே சருகை நோட்டம் விட்டுக்கொண்டு கேட்டான்: "அப்ப நீ கொல்லவே இல்லையாக்கா?"

இயந்திரம் தோண்டிய குழியைக் காசில்டா இரண்டு கையாலும் மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்தாள நான் கொல்லல. இனிமே வாரியோட வர்றவன வேணும்னா கொல்லுவேன். ஆனா இங்க பொதைக்க மாட்டேன், ரோட்டோரந்தான். இது நல்ல மண்ணு."